குற்றத்தைக் குனிந்து பார்த்தல்

புரட்டாசிச் சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. தளிகை போடுகிற நாள். அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு விளக்கேற்றப் போன என் மாமியார் பூஜை அறை வாசலிலேயே நின்றுவிட்டார். பெருமாள் படத்துக்கு முன்னால், முந்தின ராத்திரி நான் போட்டு வைத்திருந்த மாக்கோலத்தின் மேல் கிட்டு ஒன்றுக்குப் போயிருந்தான்.

"இனிமே இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல பெருமாள் இருக்கணும்மா" என்றார். கத்தவில்லை, அழுதார். நாற்பத்தைந்து வருஷமாக அந்த அறையைத் தன் கையால் துடைத்து வருகிறவர். அவர் அழுகையை வெறும் ஆசாரப் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு. இது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றை ஒட்டிய ஊர். என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், வேலை முடிந்து வரும்போது புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடை ஓரம் நனைந்து கிடந்த பூனைக்குட்டியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதுதான் கிட்டு.

வீடு கட்டியபோது மிச்சமான ஆற்று மணலை ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் நிரப்பிக் கொல்லைக் கதவோரம் வைத்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. தானே போய்ப் பள்ளம் பறித்தான், உட்கார்ந்தான், மண்ணைத் தள்ளி மூடினான். வீட்டுப்பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. மண்ணில் மூடுவது அதன் வழிவந்த குணம். "மனுஷாளுக்குக் கூட இந்த சுத்தம் வராது" என்று மாமியாரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சென்ற வருஷம் மணல் தீர்ந்தது. ஆற்றோரத்திலேயே இருந்தும் ஆற்று மணல் எங்களுக்கு எட்டுகிற சரக்காக இல்லை. பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு பாண்டு எம்-சாண்ட் வாங்கி நிரப்பினேன். அது பாறையை உடைத்துப் பொடித்தது. கூர் கூராக இருக்கும், தூசி பறக்கும். ஆற்றில் உருண்டு தேய்ந்த மணலின் மென்மை அதற்கு வராது. கிட்டு ஒரு காலை வைத்தான், உதறினான், இறங்கிவிட்டான். போதாக்குறைக்கு, புதிதாக வாங்கிய வாஷிங் மெஷினையும் அந்தப் பேசினுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். அன்று ராத்திரி கால்மிதியில் போனான். மறுநாள் துணிக்கூடையில்.

"திமிர்" என்றோம். "வேணும்னே பண்றான், பழி வாங்கறான்" என்றோம். நான் அவன் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தேன். அதிலிருந்து அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஓட வேண்டும். தரை முழுக்கப் பினாயில் ஊற்றித் துடைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை, ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர் அம்மா அழுவதைப் பார்த்தார். பரணிலிருந்து கோணிப்பையை எடுத்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடப்பதுதான் இது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி கைவிடுவது குற்றம். அப்படியொரு சட்டம் வர வேண்டும் என்று மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். இதெல்லாம் அந்த நிமிஷத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஐந்து வேளை தொழுகிறவர். மாமியாரிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, மூத்திரம் நஜீஸ்தான். கழுவித்தான் ஆகணும். ஆனா பூனை நஜீஸ் இல்லம்மா." நஜீஸ் என்றால் அசுத்தம். அபூ கதாதா என்ற நபித்தோழர், தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை கால் முகம் கழுவ, வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தாராம். பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வருகிற ஜீவன் என்று நபிகள் சொன்னதை அப்போது எடுத்துச் சொன்னாராம். ஹதீஸ் நூல்களில் இருக்கிற செய்தி இது. அழுக்கு வேறு, அழுக்காக்கிய உயிர் வேறு. கழுவ வேண்டியதைக் கழுவு, உயிரைத் தள்ளாதே. அந்த அக்கா இரண்டே வரியில் பிரித்துக் காட்டிவிட்டார்.

மாமியார் பதில் சொல்லவில்லை. மஞ்சள் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய், முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து குனிந்தார். கொஞ்ச நேரம் துடைக்கும் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்மா, இங்க வா. மாவு செவந்திருக்கு பாரு" என்றார்.

பார்த்தேன். ஒரு கரண்டி அளவுகூட இல்லை, நாலைந்து சொட்டு. வெள்ளை மாவின் ஓரங்களில் இளஞ்சிவப்பு ஊறியிருந்தது. எங்கள் வீட்டுத் தரை ரெட் ஆக்சைடு போட்ட சிவப்புத் தரை. வேறு எங்கே போயிருந்தாலும் அந்த ரத்தம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கட்டிலுக்கு அடியில் கிட்டு குந்திக் குந்தி முக்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை.

கோணிப்பை கீழே விழுந்தது. காய்கறிக் கூடையில் துண்டு விரித்து அவனை வைத்துக் கட்டி, புதுவாயல் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகியது என்றும், உப்புத்துகளும் கோழையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் என்றும் டாக்டர் விளக்கினார். டியூப் விட்டு அடைப்பை எடுத்தார்கள். பூனை எதற்கும் பழி வாங்குவதில்லை என்றார் அவர். மண் பிடிக்கவில்லை என்றால், சத்தம் பயமுறுத்தினால் வேறு இடம் தேடும். வலியோடு போன இடத்தையும் வலிக்கிற இடமாகவே நினைத்து விலகிவிடும். மூத்திரப்பை எரிகிறபோது பல பூனைகள் குளுமையான வழவழப்பான தரையை நாடும். எங்கள் வீட்டிலேயே குளுமையான தரை பெருமாள் சந்நிதிதான்.

வைணவத்தின் இரண்டு பிரிவுகளில் நான் பிறந்த வீடு தென்கலை. புகுந்த வீடு வடகலை. கல்யாணமான புதிதில் திருமண்ணுக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதற்கு மேல் எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிறகு உபந்நியாசங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாயை இறுகப் பற்றுகிற குரங்குக் குட்டிபோல ஜீவன் பகவானைப் பற்ற வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியைத் தானே கவ்விப் போவதுபோல அவனே நம்மைக் கொண்டுபோவான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். இதைப் பலரும் அறிவார்கள். அதைவிட என்னை உறுத்தியது அவர்களுக்குள் இருந்த இன்னொரு கருத்து வேற்றுமை.

வாத்சல்யம் என்ற சொல் கன்றைக் குறிக்கும் வத்ஸம் என்பதிலிருந்து வந்தது. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை நாக்கால் நக்கி எடுக்கிறது. பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த தென்கலையார், அதுபோல அடியாரின் தோஷமே பகவானுக்குப் போக்கியம், அவன் விரும்பி ஏற்பது, என்றார்கள். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் அதை ஒப்பவில்லை. அழுக்கு அழுக்குதான், அதைப் பொருட்படுத்தாமல் விடுவதே வாத்சல்யம் என்றார்கள். மாமியார் தினமும் சொல்லும் விஷ்ணு சஹஸ்ரநாமத்தில் அவிஜ்ஞாதா என்று ஒரு திருநாமம். அடியாரின் குற்றங்களை அறியாதவன் என்று பராசர பட்டர் அதற்கு உரை செய்தார். எல்லாம் அறிந்தவன் இதை மட்டும் அறியமாட்டானாம்.

குற்றத்தைக் காணாமல் விடுவது பெரியதா, குற்றத்தையே ஏற்பது பெரியதா? எழுநூறு வருஷத்துக் கேள்வி. தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அன்று காலையில் நடந்தது எனக்குத் தெரியும். நாங்கள் அந்த அழுக்கைக் காணாமல் விட்டிருந்தால் கிட்டு செத்திருப்பான். வெறுத்து வெளியே எறிந்திருந்தாலும் செத்திருப்பான். அழுக்குக்கு வெகு அருகில் ஒருவர் முகத்தைக் கொண்டுபோனதால் பிழைத்தான்.

பசுவை மட்டும் உவமையாகச் சொன்னார்கள். பூனையும் அதையேதான் செய்கிறது. பிறந்து மூன்று வாரம் வரைக்கும் பூனைக்குட்டியால் தானாக மலஜலம் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். வந்ததைத் தாயே நக்கி எடுத்து, படுக்கையைச் சுத்தமாக வைக்கும். குட்டியின் அழுக்கு அதற்குக் குற்றமாகப் படுவதில்லை. செய்ய வேண்டிய வேலையாகப் படுகிறது. வாத்சல்யம் என்பதை இப்போது நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அன்புள்ளவன் குற்றத்தைப் பார்ப்பான், மற்றவர்களைவிடக் கிட்டே போய்ப் பார்ப்பான். அங்கே குற்றவாளியைத் தேடமாட்டான், வலியைத் தேடுவான்.

ஊரைவிட்டு ஓடிய பிள்ளை, குடிக்கிற தம்பி, படுக்கையை நனைத்துவிட்டு வெட்கத்தில் பேசாமலிருக்கும் வயதானவர்கள் என்று எத்தனையோ பேரை நாம் "அசிங்கம்" என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம். மூடிய பிறகு யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கிட்டு நான்காம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது சலித்த மெல்லிய மணல், இரண்டு பேசின்களில். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்பது கணக்கு. சத்தமில்லாத மூலை, சாப்பாடு வைக்கிற இடத்திலிருந்து தள்ளி. தினமும் அள்ளிவிடுகிறேன். சாப்பாட்டில் தண்ணீர் சேர்த்துக் கொடுக்கிறேன். பினாயிலை நிறுத்திவிட்டேன். அதிலுள்ள பீனால் வகை மருந்துகளைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. நடந்து, பாதத்தை நக்கினாலே அதற்கு நஞ்சு. பூஜை அறைக் கோலத்தை மாமியார் இப்போது தானே போடுகிறார். "பெருமாள் காட்டிக் கொடுத்தார்" என்கிறார். நான் மறுப்பதில்லை.

உங்கள் வீட்டுப் பூனை இடம் மாறி அசிங்கம் பண்ணினால், அடிக்கக் கை ஓங்காதீர்கள். முதலில் மண்ணைப் பாருங்கள். பிறகு ஈரத்தைக் குனிந்து பாருங்கள். ஆண் பூனை முக்கியும் சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.