யாருடைய சராசரி?

“அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூளை அதிகம்”, “இவங்க வம்சத்துக்கே கணக்கு வராது” என்ற பேச்சு நம் கல்யாண வீடுகளில் சர்வ சாதாரணமாக அடிபடுகிறது. அதோடு ஒரு சராசரி மதிப்பெண்ணும் சேர்ந்துவிட்டால் வெறும் பேச்சு தீர்ப்பாகிவிடும். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கிறவர் குறைவு. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஒருமுறை காட்டியிருக்கிறது.

முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் பதினேழு லட்சம் பேருக்குமேல் அறிவுத் தேர்வு வைத்தார்கள். வெள்ளையின வீரர்களின் சராசரி ‘மன வயது’, அதாவது எந்த வயதினரின் அறிவுக்கு ஈடு என்ற கணக்கு, ஏறக்குறைய 13 என்று வந்தது. வளர்ந்த மனிதருக்கு 16 இருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. தேசமே மந்தபுத்தியாகிவிட்டதோ என்று படித்தவர்கள் பதறினார்கள். பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922இல் குறுக்கே நின்றார். சராசரி மனிதர் சராசரி மனிதரைவிட அறிவில் குறைந்தவராக எப்படி இருக்க முடியும் என்பதே அவர் வாதத்தின் சாரம். லட்சக்கணக்கானோரை அளந்து 13 வந்தால், தவறு அந்த 16இல்தான் இருக்க வேண்டும். அதுவோ உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் ஒரு சிறு கூட்டத்தை வைத்து வகுத்த அளவு. சிறிய மாதிரி பெரிய நாட்டின்மேல் பழி போட்டுவிட்டது.

சராசரியே பல நேரம் நடுவில் நிற்பதில்லை. ஒரு வகுப்பில் ஒன்பது பேர் 40, ஒருவர் 100 என்றால் சராசரி 46. பத்தில் ஒன்பது பேர் ‘சராசரிக்கும் கீழே’! வரிசையின் நடுவில் இருப்பவரைக் காட்டும் இடைநிலை அளவு 40தான். நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) இந்த வேறுபாடு பெரிதாக வராது. சராசரி 100 ஆகும்படியும் மதிப்பெண்கள் அதன் இருபுறமும் ஏறக்குறைய சமமாகப் பரவும்படியும் அதை அமைத்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே பாதிப்பேர் நூறுக்குக் கீழே இருப்பது அந்த அளவுகோலின் அமைப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. இரண்டு குழுக்களின் நுண்ணறிவு ஈவுச் சராசரிக்கு இடையே 3 புள்ளி வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை எடுத்தால், நூறில் சுமார் 44 தடவை ‘குறைந்த’ குழுவின் ஆள்தான் அதிகம் வாங்கியிருப்பார். கிட்டத்தட்ட காசு சுண்டிவிடுவதுதான். அந்தச் சராசரியை எதிரில் நிற்கும் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது எனக்கு அநியாயமாகவே தெரிகிறது.

ராணுவத் தேர்வு உண்மையில் எதை அளந்தது? கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு கேள்வி. அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான படத்தேர்விலும் டென்னிஸ் ஆட்டத்தில் வலை விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்திறங்கிய ஏழை விவசாயி வலையை எங்கே பார்த்திருப்பார்? குடியேறி எத்தனை ஆண்டு ஆனதோ அதற்கேற்ப மதிப்பெண் ஏறியது. அளந்தது பழக்கத்தை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் உளவியலாளர் கார்ல் பிரிகாம் 1923இல் எழுதிய நூலில் அதைப் பிறவி அறிவு என்றார். முன்னே வந்தவர்கள் உயர்ந்த இனத்தார், பின்னே வந்தவர்கள் தாழ்ந்தவர்கள் என்றார். மறு ஆண்டே நாட்டுவாரி ஒதுக்கீட்டின் மூலம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வரவைக் கடுமையாகக் குறைக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அதற்கு இந்தத் தேர்வு மட்டுமே காரணமல்ல. வெறுப்பு முன்பே இருந்தது, எண்கள் அதற்குத் துணை போயின.

1930இல் பிரிகாம் தம் ஆய்வுக்கு அடிப்படையே இல்லை என்று எழுதி அதைக் கைவிட்டார். அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டம் 1965இல்தான் வந்தது.