கேட்ட காது, மூடிய வாய்

"நாஞ் சொன்னா யாரு சேர் கேப்பாங்க?"

பதுளை டவுனில் ஒரு கராஜ் வாசலில், மண்ணெண்ணெய் வாளியும் கையுமாக நின்ற பொடியன் என்னிடம் கேட்ட கேள்வி இது. லயத்துப் பிள்ளை. வயது பத்தொன்பது இருக்கும். என்னுடைய பழைய போர்வீல் டபுள் கெப்பில் இரண்டு மாதமாக ஒரு சத்தம். நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கும். அறுபதைத் தொட்டால் தேன்கூட்டுக்குள் தலையை விட்டமாதிரி 'ஊ…ம்' என்று வண்டி முழுக்க நிறையும். டிஃப் போய்விட்டது என்றார் கராஜ் பாஸ். கழற்றினார், பூட்டினார், காசை எண்ணி வாங்கினார். பசறை ரோட்டில் ஏறினேன், சத்தமும் கூடவே ஏறியது. அடுத்தமுறை கியர்பொக்ஸ் என்றார். அதற்கும் அழுதேன். மூன்றாம் முறை போய்த் திரும்பும்போதுதான் அந்தப் பொடியன் கதவோரமாக வந்து முணுமுணுத்தான்: "முன்னுக்கு இடது வீல் பெயாரிங் சேர். எனக்கு மொத நாளே தெரியும்."

மொத நாளே தெரியுமாம்! காசு போன கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றானே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

தம்பி, ஸ்பிரிங்வெலியிலோ மடுல்சீமையிலோ நமுனுகுலை அடிவாரத்திலோ நீ எங்கிருந்தாலும் இது உனக்குத்தான். தங்கச்சி, உனக்கும்தான். ஸ்பானர் பிடிக்கிற கைக்கு ஆண் பெண் தெரியாது.

உன் காது யார் வீட்டுக் காது தெரியுமா? தப்பைத் தீயில் காய்ச்சி, ஒரு விரலால் சுண்டி, 'இன்னும் ஏறணும்' என்று சொன்ன பாட்டனின் காது. தோலின் சுருதியைச் சொல்ல அவருக்கு மீட்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை சுற்றுகிற சத்தம் ஒரு இழை மாறினாலே தலையைத் திருப்பிய மனிதர்கள் உன் பரம்பரை. அந்த இயந்திரத்துக்கே ரோதைமுனி என்று ஒரு சாமியை நிறுத்திக் கும்பிட்டார்கள். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுற்றுகிற இரும்புக்குப் பக்கத்தில் கவனமாக நிற்க வேண்டும் என்று அறிந்தவன் வைத்த சாமி அது.

பிறகு வாய் ஏன் மூடியது? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரை உலகத்துக்குக் காட்டினார்கள். பின்னாளில் தோட்டத்துத் துரைமார் ஏறித் திரிந்த வண்டி அது. அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துத் தமிழர்களான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. மலையேறும் வண்டி பிறந்த வருசத்தில் மலையை வளர்த்தவனின் பெயர் ஏட்டிலிருந்து விழுந்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கேட்காமல் பேசாதே என்று அப்பன் சொல்லிக் கொடுத்தது பயத்தால் மட்டுமில்லை, பிழைப்பதற்காகவும்தான். அவர் காலத்துக்கு அது சரி. உனக்கு எதற்கு அந்தப் பழைய பூட்டு?

உடைத்து எறி! ஆனால் வெறும் வாய்ச்சவடாலால் அது உடையாது. "எனக்குத் தெரியும்" என்று மார் தட்டினால் எந்த பாஸும் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. உன் காதில் விழுந்ததை அவர் கைக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். எப்படி?

வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் முறுக்கு. அந்த ஊங்காரம் இல்லையா? எஞ்சின், ஃபேன், அல்டர்னேட்டர் எல்லாம் குற்றமற்றவை. ரோட்டில் எடு. ஹாலிஎல பக்கம் கொஞ்சம் சமமான இடம் வந்ததும் கிளச்சை மிதி. (இறக்கத்தில் நியூட்ரல் போட்டுப் பார்க்கிற வீரம் வேண்டாம், பசறை–லுணுகலை வளைவுகள் யாரையும் மன்னிப்பதில்லை.) எஞ்சின் அடங்கியும் ஊங்காரம் அடங்கவில்லை என்றால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், விடும்போது வேறு குரல் என்றால் டிஃப் பக்கம் சந்தேகம் வை. மிதித்தாலும் விட்டாலும் ஒரே ராகமா? டயர், இல்லையென்றால் வீல் பெயாரிங். பெரிய பூப்போட்ட டயரும் இப்படித்தான் இரையும். ஆனால் கார்பட் ரோட்டிலிருந்து தோட்டத்துக் கொங்கிரீட் பாதைக்கு இறங்கினதும் டயரின் குரல் மாறிவிடும். பெயாரிங்குக்கு ரோட்டைப் பற்றிக் கவலையில்லை.

போர்வீலில் இன்னொரு வசதி உண்டு. கையால் திருகும் ஹப் லொக் இருந்தால், இரண்டையும் திறந்துவிட்டு டூவீலில் ஓட்டு. முன் டிஃபும் முன் ஷாஃப்டும் சும்மா கிடக்கும். அப்போதும் சத்தம் வந்தால் அவை இரண்டும் விடுதலை. இனி வளைவு. வலப்பக்கம் திருப்பும்போது பாரம் இடது சக்கரத்தில் சாயும். ஊங்காரம் அப்போது கூடி, இடப்பக்கம் திருப்பும்போது தணிந்தால் இடது பக்கத்தில் தேடு. ஊவாவில் வளைவுக்கா பஞ்சம்? எல்லவிலிருந்து பண்டாரவளை ஏறுவதற்குள் இந்தச் சோதனையை எத்தனையோ முறை செய்துவிடலாம்.

ஏன் அந்த பெயாரிங் போனது என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஓடிச் சூடான ஹப் ஆற்றுத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். பிறகு உருளைகளும் அவை ஓடுகிற கப்பும் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். ஒவ்வொரு குழியும் ஒரு சின்னத் தட்டு, வேகம் கூடினால் தட்டுகள் சேர்ந்து ஊங்காரம்.

இந்த அறிவுக்கு என்ன மதிப்பு என்கிறாயா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு மறுபடி வாசல் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருசம் இந்த நாடு பழைய வண்டியைத் தட்டிக்கொட்டித்தான் ஓடியது. தட்டிக்கொட்டியவன் யார்? உன்னைப்போல எண்ணெய் பிசுபிசுத்த கைகள். அந்தக் கையை ஏன் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாய்?

அந்தப் பொடியன் கதவோரம் முணுமுணுத்த மறுநாள் காலையில் நான் அந்தக் கராஜுக்கே போனேன். பொடியனைக் கூப்பிடச் சொன்னேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜெக் அடித்து, ஸ்டாண்டில் இறக்கினான். கை நடுங்கியது, நான் பார்த்தேன். வலது முன்சக்கரத்தைச் சுற்றினான், ஸ்பிரிங்கில் இன்னொரு கையை வைத்தபடி. எழுந்து இடது பக்கம் போனான். அங்கேயும் சுற்றினான். பாஸ் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாஸ்," என்றான். குரல் முதலில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான்: "பாஸ், நீங்களே ஸ்பிரிங்ல கை வச்சுப் பாருங்க."

அவர் குனிந்தார்.