யாரோடு ஒப்பிட்டு ரேங்க்?

அமெரிக்காவில் எளிதில் இடம் கிடைக்காத கல்லூரிகள் மாணவரிடம் பலவற்றைப் பார்த்தாலும், அவற்றில் பல இரண்டு எண்களைத் தேடுவதுண்டு: பள்ளியில் எத்தனையாவது ரேங்க், எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு எவ்வளவு. ரேங்க், பல ஆண்டுப் படிப்பை உடன்படித்தவர்களோடு ஒப்பிடுகிறது, எஸ்.ஏ.டி., ஒரு காலைப்பொழுதை நாடு முழுவதோடு ஒப்பிடுகிறது.

ரேங்க்கை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதை டெக்சஸில் பார்க்கலாம். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 1996இல் ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் மாற்றுவழி கண்டது: எந்தப் பள்ளியானாலும் முதல் 10 சதவீதத்துக்குள் வருவோருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஹூஸ்டன் புறநகரின் வசதியான பள்ளியும் மெக்சிகோ எல்லையோரச் சிற்றூர்ப் பள்ளியும் ஒரே தராசில் ஏறின. கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் ஒதுங்கிக் கிடந்ததால்தான் இந்தச் சட்டம் பலித்தது என்பது கசப்பான வேடிக்கை.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்கவில்லை. மாநில மாணவருக்கான இடங்களில் 75 சதவீதத்துக்குமேல் இவ்வழியில் நிரப்ப வேண்டியதில்லை என்று 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே எல்லை 6 சதவீதமாகச் சுருங்கி, 2026 சேர்க்கைக்கு 5 ஆனது. கடும் போட்டியுள்ள பள்ளியில் படித்து நூலிழையில் வாய்ப்பை இழப்பவர், வேறொரு பள்ளியில் முதல் ரேங்க்கே எடுத்திருக்கக் கூடும். சராசரியைக் கீழே இழுக்கும் என்று இசை வகுப்பைக் கைவிடுவோரும் உண்டு. இந்தத் தொல்லையே வேண்டாமென்று ரேங்க் போடுவதை நிறுத்திய பள்ளிகள் பல.

மதிப்பெண்ணும் மாசற்றதல்ல. வீட்டு வருமானம் ஏற ஏற எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் ஏறுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதை அறவே விட்டுவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் விலக்கு அளித்த எம்.ஐ.டி. 2022இலும், டார்ட்மவுத் 2024இலும் மீண்டும் கேட்கத் தொடங்கின. டார்ட்மவுத் பேராசிரியர்கள் கண்டது விசித்திரம்: வசதியற்ற மாணவர்கள் பலர், தங்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையே குறைவென்று எண்ணி மறைத்திருந்தனர். பெரும்பாலோர் 1000-ஐத் தாண்டாத பள்ளியில் ஒருவர் வாங்கும் 1400 சாதாரணமானதல்ல. ஆக, மதிப்பெண்ணையும் அது வந்த பள்ளியோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

ரேங்க்குக்கே முடிசூட்டிய ஆஸ்டினும் 2025 சேர்க்கை முதல் தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்கியது. முதல் 5 சதவீதத்தினருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. கேட்ட துறை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கணினி அறிவியலுக்கு முட்டிமோதும் வரிசையில் நிற்பவர்கள் எல்லாருமே ஏதோவொரு பள்ளியில் முன்வரிசைக்காரர்கள்.