செத்தவர்களுக்கு ரகசியம் இல்லை

எதிராளி உள்ள விளையாட்டில் அறம் பற்றிய கேள்வி எழுவதில்லை. தாயத்தில் அடுத்தவன் காயை வெட்டுகிறவனை யாரும் கொலைகாரன் என்று சொல்வதில்லை. சதுரங்கத்தில் ராணியைப் பலி கொடுப்பதுபோல் பாவனை செய்து ராஜாவை முடக்குவது வஞ்சகம் ஆகாது, திறமை. ஒருவரையொருவர் தோற்கடிக்கச் சம்மதித்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சம்மதத்தோடு அவர்களுடைய அறம் முடிந்துவிடுகிறது. ஆனால் எல்லோரும் ஒரே கட்சி, எதிரே மனிதன் யாரும் இல்லை, சேர்ந்து பிழைக்க வேண்டும் அல்லது சேர்ந்து சாக வேண்டும் என்று ஒரு விளையாட்டு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. எதிரே ஆள் இல்லாதபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்ற கேள்வி பிறக்கிறது. இத்தகைய பலகை விளையாட்டுகள் மேற்கே இந்த நூற்றாண்டில் பெருகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சில மாதங்களாக நண்பர்களோடு ஆடிவருகிறேன். அது எனக்குள் கிளப்பிய கேள்வி இது: துரோகம் சாத்தியமே இல்லாத இடத்தில் கூட்டு என்று ஒன்று இருக்க முடியுமா?

முடியாது என்பது என் கட்சி. இது கேட்பதற்கு விபரீதமாக இருக்கலாம். துரோகம் இல்லாத கூட்டுக்காகத்தானே இத்தனை சித்தாந்தங்களும் ஸ்தாபனங்களும் என்று கேட்கலாம். கொஞ்சம் சுற்றித்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

மாட் லீகாக் என்ற அமெரிக்கர் அமைத்து 2008இல் வெளிவந்த 'பாண்டெமிக்' இவ்வகையில் புகழ்பெற்றது. பலகை உலக வரைபடம். நான்கு கொள்ளைநோய்கள் நகரம் நகரமாகப் பரவும். ஆடுகிறவர்கள் அனைவரும் சேர்ந்து நான்குக்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். வென்றால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். யாருக்கும் தனி லாபம் கிடையாது, ஆகையால் மறைக்க எதுவும் கிடையாது. பரிசுத்தமான கூட்டு. ஆனால் இதை ஆடியவர்கள் எல்லோரும் ஒரு குறையைச் சொல்வார்கள். நாலு பேரில் கணக்கு நன்றாக வருகிற ஒருவர், "நீ அங்கே போ, நீ இந்தச் சீட்டை அவரிடம் கொடு" என்று எல்லோருடைய முறையையும் தாமே ஆட ஆரம்பித்துவிடுவார். அவர் சர்வாதிகாரி என்பதால் அல்ல. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நோக்கம் ஒன்று, தகவல் ஒன்று என்றால் மூளையும் ஒன்று போதும். மற்ற மூன்று பேரும் கைகள். கூட்டு பரிபூரணம் அடைகிற கணத்தில் கூட்டாளிகள் காணாமல் போய்விடுகிறார்கள்.

பிறன் சித்தத்தால் நடத்தப்படுகிற கைகளுக்கு ஒரு பழைய பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மடிந்த தீவில், 1791இல் கலகம் தொடங்கி 1804இல் ஹெயிட்டி என்று விடுதலை பெற்ற நாட்டில், ஜாம்பி என்றால் மந்திரவாதி ஒருவன் சவக்குழியிலிருந்து எழுப்பி வயல் வேலைக்கு ஓட்டிச் செல்லும் உடல். அது யாரையும் கடிப்பதில்லை. அதற்குப் பசிகூட இல்லை. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். அங்கே மக்கள் பயந்தது ஜாம்பியிடம் அகப்பட்டுக்கொள்வதை அல்ல, தாமே ஜாம்பி ஆகிவிடுவதை. செத்த பிறகாவது விடுதலை உண்டு என்று நம்பியிருந்த அடிமைக்கு அதைவிட உக்கிரமான நரகம் இருந்திருக்க முடியாது. அமெரிக்கப் படை ஹெயிட்டியை ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் (1915–1934) இந்தக் கதை கடல் கடந்தது. வில்லியம் சீபுருக் 1929இல் ஒரு பயண நூலில் இதை எழுதினார். 1932இல் 'ஒயிட் ஜாம்பி' படமாக வந்தது. 1968இல் ஜார்ஜ் ரோமரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தபோது அர்த்தம் தலைகீழாகிவிட்டது. (படத்தில் யாரும் ஜாம்பி என்ற சொல்லை உச்சரிப்பதில்லை, பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் அது.) இப்போது அது எஜமான் இல்லாத கூட்டம், கடிக்கும், தின்னும், சுட்டுத் தள்ளலாம். அடிமையின் பயம் போய், வீட்டுக்குள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் பயம் வந்தது.

நாங்கள் ஆடுவது இந்த இரண்டாவது பயத்திலிருந்து பிறந்த விளையாட்டு. பெயர் 'டெட் ஆஃப் வின்ட்டர்'. ஜொனதன் கில்மோர், ஐசக் வேகா இருவரும் அமைத்து 2014இல் வெளியானது. பாளையங்கோட்டையில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவர் மகன் விட்டுச் சென்ற பெட்டி. வெயில் கொளுத்துகிற ஊரில் உட்கார்ந்து பனியில் விறைத்துச் சாகிறவர்களின் கதையை ஆடுவதில் உள்ள அபத்தம் எங்களுக்கு முதல் நாளிலேயே பழகிவிட்டது.

ஏற்பாடு இது. கடுங்குளிர், ஒரு குடியிருப்பு, சுற்றிலும் பிணங்கள். காவல் நிலையம், மளிகைக் கடை, பள்ளிக்கூடம், நூலகம், மருத்துவமனை, பெட்ரோல் பங்க் என்று ஆறு இடங்களுக்கு ஆள் அனுப்பி உணவும் மருந்தும் தேடிக் கொண்டுவர வேண்டும். குடியிருப்பில் இரண்டு பேருக்கு ஒரு உணவுச் சில்லு வீதம் ஒவ்வொரு சுற்றிலும் தீரும். போதவில்லை என்றால் எல்லோருக்கும் பொதுவான மன உறுதி எண் இறங்கும். அது பூஜ்யத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இதுவரை பாண்டெமிக்கின் தம்பிதான். ஆனால் ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் கவிழ்த்தபடி ஒரு சீட்டு தரப்படுகிறது. அதில் ஒரு தனி நோக்கம் எழுதியிருக்கும்: முடிவில் இன்ன வகைப் பொருள் இத்தனை உன் கையில் இருக்க வேண்டும் என்பதுபோல. பொது இலக்கும் நிறைவேறி, உன் சீட்டில் இருப்பதும் நிறைவேறினால்தான் நீ ஜெயித்தவன். சீட்டுகளில் ஒன்று துரோகியினுடையதாக இருக்கலாம். அவனுக்குக் குடியிருப்பு அழிய வேண்டும்.

'இருக்கலாம்' என்ற சொல்லில்தான் இந்த விளையாட்டின் பிராணன் இருக்கிறது. ஒரு ஆளுக்கு இரண்டு சாதாரணச் சீட்டுகள் என்று எடுத்து, அவற்றோடு ஒரே ஒரு துரோகச் சீட்டைக் கலந்து, ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் என்றால் 11 சீட்டில் 5 கைக்கு வரும். நாலு பேர் என்றால் 9இல் 4. எத்தனை பேர் ஆடினாலும் துரோகி ஒருவன் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குக் குறைவுதான். பெரும்பாலான இரவுகளில் மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் அத்தனை பேரும் யோக்கியர்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பிரயோஜனமில்லை. பதுக்குகிற யோக்கியனும் பதுக்குகிற துரோகியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறார்கள்.

சொல்லுக்கும் இங்கே மதிப்புப் போய்விடுகிறது. ஒருநாள் என்மேல் ஓட்டெடுப்பு வந்தது. சந்தேகத்துக்கு ஆளானவனைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற ஓட்டுப் போடலாம் என்று விதி இருக்கிறது. எனக்கு வந்த சீட்டு ஒருவகைப் பொருளைக் கடைசிவரை கையில் வைத்திருக்கச் சொன்னது; நெருக்கடிக்கு அந்தப் பொருளே கேட்கப்பட்டபோது நான் தரவில்லை. "நான் துரோகி இல்லை" என்றேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் என் வாயில் சக்கையாக இருந்தது. துரோகியும் இதே வாக்கியத்தை, இதே தொனியில், வேண்டுமானால் இதைவிட நன்றாகச் சொல்வான். எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இது சாதாரண அதிர்ச்சி அல்ல. உண்மையாக இருப்பது ஒரு வாக்கியத்துக்கு எந்தப் பலத்தையும் தருவதில்லை. இருபது வருஷ நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ எப்பவுமே இப்படித்தான். எதையும் முழுசா வெளிய சொல்ல மாட்ட" என்றார். அது பலகையைப் பற்றிய பேச்சில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

எங்களில் மூத்தவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவர் கையைத் தூக்கவில்லை. "அவன் யோக்கியன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. துரோகியாவே இருந்துட்டுப் போகட்டும், இந்தக் குளிர்ல வெளிய தள்ளுறதுக்கு என் கை வராது" என்றார். ஒரு கை வித்தியாசத்தில் தங்கினேன். ஆனால் குடியிருப்பு தங்கவில்லை. இரண்டு சுற்றுக்குள் உணவு தீர்ந்து, மன உறுதி பூஜ்யமாகி, எல்லோரும் தோற்றோம். சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுகூடத் துரோகச் சீட்டு இல்லை. "அண்ணாச்சி நம்பி என்ன ஆச்சு? எல்லாரும் செத்ததுதான் மிச்சம்" என்று ஒருவர் சிரித்தார்.

சிரித்தவர் சொன்னதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அது வலுவான கட்சி. குளிரும் பசியும் நிஜமாக இருக்கிற இடத்தில், ஒருவனுடைய துரோகத்தால் மற்றவர்களின் குழந்தைகள் சாகும் என்ற நிலையில், 'என் கை வராது' என்பது பிறர் செலவில் காட்டும் தாராளம் என்று வாதிடலாம். ஆனால் இந்த வாதம், துரோகி யார் என்று தெரியும் என்பதை ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. தெரிந்திருந்தால் அங்கே நம்பிக்கைக்கு வேலையே இல்லை. அது வெறும் தகவல். தெரியாத இடத்திலிருந்துதான் நம்பிக்கை ஆரம்பமாகிறது. விளையாட்டை அமைத்தவர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். துரோகி அல்லாத இரண்டு பேரை வெளியேற்றிவிட்டால் மன உறுதி அந்தக் கணமே பூஜ்யம் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். துரோகி செய்து முடிக்கச் சுற்றுகள் பல பிடிக்கிற காரியத்தை யோக்கியர்களின் சந்தேகம் இரண்டே ஓட்டெடுப்பில் செய்துவிடும்.

அண்ணாச்சியின் வார்த்தைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கருணை அல்ல, 'எனக்குத் தெரியாது' என்பது. 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்பதற்கு நேர் எதிர் அது. நீ எப்போதுமே இப்படித்தான் என்று ஒருவனிடம் சொல்கிறபோது, உனக்குள் நான் பார்க்காதது எதுவும் பாக்கி இல்லை என்று சொல்கிறோம். உள்பக்கம் இல்லாதவன், வெளியிலிருந்தே முழுவதும் படித்துவிடக்கூடியவன் – அது பலகையின் ஓரத்தில் நிற்கும் ஜாம்பியின் லட்சணம். அது என்ன செய்யும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதனிடம் சீட்டு எதுவும் இல்லை. மேஜையில் முழுக்க நம்பத்தகுந்தது அது ஒன்றுதான். ரோமரோ படத்தின் முடிவு நினைவுக்கு வருகிறது. டுவேன் ஜோன்ஸ் நடித்த கறுப்பு இளைஞன் பென், வீட்டுக்குள் சண்டை போட்ட எல்லோரும் செத்த பிறகும் ஒருவனாக விடியும்வரை தாக்குப்பிடிக்கிறான். காலையில் காப்பாற்ற வந்தவர்கள் தூரத்திலிருந்து ஜன்னலில் ஓர் உருவத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். வெளியிலிருந்து படித்தார்கள், விஷயம் முடிந்தது.

வெளியிலிருந்து படிப்பதற்கு எண்கள் சௌகரியம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு செல்வாக்கு எண் உண்டு. ஒருவனைப் பிணம் கடித்துவிட்டால், தொற்று அதே இடத்தில் இருப்பவர்களில் செல்வாக்கு குறைந்தவனிடம் முதலில் போகும். அவனைக் கொன்று தொற்றை நிறுத்தலாம், அல்லது பகடையை நம்பலாம். 'கதியற்றவர்கள்' என்று இன்னொரு வகைச் சில்லு: எந்த வேலையும் செய்ய முடியாது, ஆனால் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு தலை. மூன்றாவது இரவுக்குள் நாங்கள் எல்லோரும் அவர்களைப் பாரம் என்று குறிப்பிடப் பழகியிருந்தோம். அவர்களுக்குப் பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. ரகசியம் மறுக்கப்பட்டவர்களைக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு அட்டைத்துண்டுகள் போதுமான பாடம்.

ரூஸோ, மனித ஏற்றத்தாழ்வு பற்றி 1755இல் வெளியிட்ட நூலில் ஒரு வேட்டையைச் சொல்கிறார். மான் பிடிக்க எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். ஒருவனுக்கு எட்டுகிற தூரத்தில் முயல் ஓடுகிறது. அவன் அதன் பின்னால் போய்விடுகிறான், மற்றவர்களுக்கு மான் தப்பிவிடுகிறது. இந்த உதாரணத்திலிருந்து பிறகு வந்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது, முயலை ஒழித்தால் கூட்டு உறுதிப்படும் என்பது. டெட் ஆஃப் வின்ட்டர் வேறொன்றைச் சொல்கிறது. மானும் வேண்டும், உன் முயலும் உனக்கு வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீ எவ்வளவு கொடுக்கிறாய், எவ்வளவு வைத்துக்கொள்கிறாய் என்பதில்தான் நீ யார் என்பது இருக்கிறது. முயலை ஒழித்த வேட்டை பாண்டெமிக். அங்கே ஒருவர் ஆட, மற்றவர்கள் கைகள். அதாவது ஹெயிட்டியின் பழைய ஜாம்பிகள்.

ஆக, மனிதனை ஜாம்பி ஆக்க இரண்டு வழிகள். அவனிடம் ரகசியமே இருக்கக்கூடாது என்று கூட்டின் பெயரால் பிடுங்கிவிடுவது ஒன்று. அவனுடைய ரகசியம் என்னவென்று எனக்குத் தெரியும் என்று சந்தேகத்தின் பெயரால் தீர்ப்புச் சொல்லிவிடுவது மற்றொன்று. இரண்டாவது, முதலாவதற்கு எதிர்ப்பு போலத் தோன்றும். உண்மையில் அதன் இரட்டைப் பிள்ளை. இரண்டுக்கும் தாங்க முடியாதது, எதிரே இருப்பவனுக்குள் நமக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்பது. அந்த இடத்தில் துரோகம் இருக்கலாம். அன்பு இருப்பதானாலும் அதே இடத்தில்தான் இருந்தாக வேண்டும். வேறு இடம் கிடையாது. ஒன்றுக்குக் கதவை அடைத்தால் மற்றதும் வெளியே நின்றுவிடும்.

இதைப் படிக்கிற சிறு வட்டத்துக்கு இது புதிய செய்தி அல்ல. நாலு பேர் சேர்ந்து பத்திரிகை தொடங்குவதும், இரண்டாம் வருஷம் ஒருவரை ஒருவர் விலைபோனவன் என்று எழுதுவதும், அதற்குப் பதில் எழுத இன்னொரு பத்திரிகை பிறப்பதும் நமக்குப் பழக்கமானவை. அவற்றில் எத்தனை சமயம் நிஜமாகத் துரோகச் சீட்டு இருந்தது, எத்தனை சமயம் அவரவர் முயல் மட்டும் இருந்தது என்று திருப்பிப் பார்க்க வழியில்லை. வாழ்க்கையில் ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளைத் திறந்து காட்டும் விதி கிடையாது. அந்த விதி இல்லாததால்தான் அண்ணாச்சியின் வாக்கியம் மேஜையில் இருந்ததைவிட வெளியே அதிகம் தேவைப்படுகிறது. அது ஜெயிக்க வைக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. அன்று அது ஜெயிக்க வைக்கவில்லை. தோற்றபோது மேஜையில் ஐந்து பேர் இருந்தோம் என்பது மட்டும் உறுதி.