கூரையும் முற்றமும்

வாடகைக்கு விட்ட வீட்டில் பழுது நேர்ந்தால் அதனைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது? கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்த வினா ஐப்பசி மழையோடு சேர்ந்தே வருகிறது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் கண்ட மக்களுக்கு, ஒழுகும் கூரை என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதனை எப்போதோ ஆராய்ந்துவிட்டனர். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்), ஷாபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலாகிய ‘மின்ஹாஜுத் தாலிபீன்’இல், வீட்டைச் செப்பனிடுவதை உரிமையாளர்மீது சாட்டுகிறார். அது பனி பொழியும் நாடு. கூரைமேல் குவியும் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் கடமை. முற்றத்துப் பனியையும் குப்பையையும் அகற்றுவது குடியிருப்பவரின் கடமை என்று அவர் பிரிக்கிறார். நம் ஊரில் பனிக்கு மாறாக மழை, நியாயம் ஒன்றே. கூரை நிலைத்தால்தான் வாடகைக்கு ஈடான பயன் நிலைக்கும். முற்றமோ அன்றாடப் புழக்கத்தைச் சேர்ந்தது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் இழுக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், மின்கம்பி இணைப்பு ஆகியன உரிமையாளருக்கு. குழாய் வாஷர், மின்விசைப் பொத்தான், சாக்கடை அடைப்பு ஆகியன குடியிருப்பவருக்கு.

கோடு தெளிவாயிருந்தும் பூசல் ஓயவில்லையே, ஏன்? உரிமையாளர் செப்பனிடாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைக் குடியிருப்பவருக்கு இமாமவர்கள் அளிக்கிறார்கள். ஆனால், போக்கிடம் உள்ளவருக்கே அவ்வுரிமை உரிமையாகும். பிள்ளைகளின் பள்ளியையும் முன்பணத்தையும் எண்ணித் தயங்கும் ஏழைக்கு அது வெறும் சொல். ‘பிடிக்காவிட்டால் காலி செய்யலாமே’ என்று கூறும் வீட்டுக்காரர், அவருக்கு அருளப்பட்ட சலுகையையே அவர்மீது வீசும் கல்லாக்குகிறார். சட்டத்தின் சொல்லுக்குள் அவர் நிற்கலாம்; ஒழுகும் அறைக்கு முழு வாடகை பெறும் கை, தராத பொருளுக்கு விலை பெறும் கையன்றோ?

மறுபக்கமும் உண்டு. வாடகைக்கு எடுத்த வீடு குடியிருப்பவரிடம் அமானிதம். அதனால்தான், அவர் அசட்டை செய்தாலன்றி, தாமாக நேரும் சேதத்திற்கு அவர்மீது ஈடு சாட்டப்படுவதில்லை. சறுக்கிய ஓடு ஒன்றைக் கண்டும் ‘நம் வீடா?’ என்று வாளாவிருந்தால், ஓடு போய் உத்திரமும் உளுக்கும். பிழைப்புக்காகக் கடல்கடந்து வாழும் உரிமையாளருக்கும், அந்த வாடகையையே உண்டு வாழும் விதவைக்கும் குடியிருப்பவரே கண்.

ஆகவே சீர்செய்யும் செலவைப் பங்கிடுவதற்கு முன்னே பங்கிட வேண்டிய கடமைகள் இரண்டு: காலத்தில் அறிவிப்பது குடியிருப்பவருடையது; காலத்தில் செவிசாய்ப்பது உரிமையாளருடையது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் இரண்டாம் அத்தியாயம் விரிவாகப் பணிக்கிறது. அதைப் பின்பற்றும் நாம், வாடகைப் பத்திரத்தில் தொகையை மட்டும் எழுதிவிட்டுக் கூரையையும் முற்றத்தையும் வாய்ச்சொல்லுக்கு விடலாகாது. ஐப்பசி பிறக்குமுன் இருவரும் ஒருமுறை சேர்ந்து நின்று கூரையை அண்ணாந்து பார்த்தால், பாதி வழக்குகள் பிறவாமலே போகும்.