பிராணவாயுவும் திரோதாயியும்

1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ஒரு பிரபுவின் ஆதரவில் வாழ்ந்துகொண்டிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் சமயபோதகர், சிவந்த பாதரசச் சுண்ணத்தின்மேல் பெரியதொரு கண்ணாடி வில்லையால் சூரிய வெப்பத்தைக் குவித்து, அதிலிருந்து எழுந்த வாயுவில் மெழுகுவத்தி அபூர்வமான பிரகாசத்தோடு எரிவதைக் கண்டார். பின்னர் அவ்வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, நெஞ்சு இலேசாக இருப்பதாக உணர்ந்தார். வேறொருவராயின் அந்த ஆனந்தத்தோடு நின்றிருப்பர். அவருக்கோ, மெழுகுவத்தி இவ்வாயுவில் விரைவாக எரிந்து தீர்வதுபோல நாமும் விரைவாக வாழ்ந்து தீர்ந்துவிடுவோமோ என்ற ஐயம் எழுந்தது. இயற்கை நமக்கு அளித்திருக்கும் சாதாரணக் காற்றே நம் தகுதிக்குப் போதும் என்று ஒரு நீதிவாதி சொல்லக்கூடும் எனவும் அவர் எழுதிவைத்தார்.

அந்த ஐயத்தின் ஆழம் இருதயத்தில் தெரிகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்க வேண்டிய அவ்வுறுப்பு, தன் தசையணுக்களின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுலைகளுக்கே கொடுத்திருக்கிறது. அங்கே பிராணவாயு நான்கு எலக்ட்ரான்களை ஏற்று நீராக முடிகிறது. ஆயினும் ஒரு சிறு பகுதி, ஒரே எலக்ட்ரானோடு, சூப்பராக்சைடு என்னும் அமைதியற்ற வடிவில் பாதி வழியிலேயே கசிந்துவிடுகிறது. அதனை அடக்குவதற்கென்றே உடல் ஒரு நொதியை வைத்திருக்கிறது என்பதை 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் நிறுவினர். அடக்கும் சக்தியைக் கசிவு மிஞ்சிவிடும் நிலையைத்தான் மருத்துவர்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். அப்போது, கால்சியத்தைத் தேக்கிவைத்துத் துடிப்புதோறும் அளந்துவிடும் புரதக் கதவுகள், மூடியிருக்க வேண்டிய இடைவேளையில் ஒழுகத் தொடங்குகின்றன. சோடியத்தின் வாயில்களும் காலம் கடந்து திறந்திருக்கின்றன. அகாலத்தில் ஒரு துடிப்பு பிறக்கிறது. நல்ல இருதயத்தில் அது வந்த சுவடின்றிப் போய்விடும். முன்னமே வடுப்பட்ட இருதயத்திலோ, மின் அலை தன் வழியிலேயே திரும்பத் திரும்பச் சுழன்று, கீழறை முழுவதும் ஒழுங்கின்றி நடுங்க, சில நிமிஷங்களில் உயிர் பிரிகிறது. திடீர் மரணங்கள் பலவற்றுக்கு இந்நடுக்கமே காரணமாகலாம் என்று அபர்தீன் நகரத்து மக்வில்லியம் 1889-லேயே எழுதினார். இவற்றுள் மிகவும் விசித்திரமானது, மாரடைப்பில் அடைபட்ட நாளத்தை வைத்தியர் திறந்துவிட, ஏங்கிக் கிடந்த தசைக்குப் பிராணவாயு திரும்பி வந்து சேரும் அந்த க்ஷணத்திலேயே சில வேளைகளில் நடுக்கம் தோன்றிவிடுவது.

உயிரைத் தாங்குவதும் உயிரைக் குலைப்பதும் ஒன்றேயானால், அதை நன்மையென்பதா தீமையென்பதா? மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய மானி என்பார், ஒளியும் இருளும் அநாதியான இரு தத்துவங்கள் என்று கூறி இவ்வகைக் கேள்விகளின் சிக்கலை ஒரே வெட்டில் அறுத்தார். மருந்துக் கடைகளில் பளபளக்கும் புட்டிகளில் விற்கப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை வாங்குவோர், அறியாமலே அவருடைய சீடர்கள். கெட்டவை அங்கே, நல்லவை இங்கே, நல்லவற்றை அதிகமாக விழுங்கினால் கெட்டவை ஒழியும் என்பதே அவர்கள் சித்தாந்தம். ஆனால் 9,500-க்கும் அதிகமான நோயாளிகளிடம் வைட்டமின் ஈ-யைச் சோதித்து, சலீம் யூசுஃப் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இருதயத்துக்கு ஒரு பயனும் காணப்படவில்லை. பின்லாந்தில் புகைபிடிப்போருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்த சோதனையிலோ, 1994-இல் வெளிவந்த முடிவின்படி, நுரையீரல் புற்றுநோய் கூடிற்று. போதாக்குறைக்கு, நம் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வதே இதே சூப்பராக்சைடைக் கொண்டுதான். அதை உண்டாக்கும் திறனின்றிப் பிறக்கும் குழந்தைகள் தீராத தொற்றுகளால் வருந்துகின்றன.

இவ்விடத்தில் பாற்கடல் கடைந்த கதை பலருக்கு நினைவு வரும். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அங்கே ஆலகாலம் வேறு, அமுதம் வேறு. ஒரே கடலில் பிறந்தவையாயினும் தனித்தனி வஸ்துக்கள். இங்கே இருப்பதோ ஒரே வஸ்து.

இதற்கு நெருங்கிய விசாரத்தைச் சைவ சித்தாந்தத்தில்தான் காண்கிறேன். 14-ஆம் நூற்றாண்டில் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், சிவப்பிரகாசத்தில் உயிரைப் பிணிக்கும் மலங்களை எண்ணும்போது ஆணவம், கன்மம், மாயை முதலியவற்றோடு திரோதாயியையும் சேர்க்கிறார். திரோதாயி என்பது சிவனுடைய சக்தியே. அவனுடைய ஐந்தொழிலில் மறைத்தல் என்பது அதன் காரியம். அறிவற்ற ஆணவ மலம் தானாகத் தொழிற்படாதாகையால், அதனோடு நின்று அதைச் செலுத்தி, உயிர் பக்குவமடையும்வரை மெய்ப்பொருளை மறைத்து நிற்கிறது அச்சக்தி. மலத்தின் தொழிலுக்குத் துணைநிற்பதால் உபசாரமாக மலம் எனப்படுகிறது. பக்குவம் வந்ததும் அதுவே அருட்சக்தியாக விளங்குகிறது. ஒன்றையே மலமென்றும் அருளென்றும் எண்ணிய துணிவு, மானியின் எளிய பிரிவினையைவிட எவ்வளவோ கடினமானது. இருதயத்தில் கண்டதற்கும் அதுவே ஒத்துவருகிறது.

மின்சாரத்தின் கதையும் இதையே காட்டுகிறது. 1899-இல் ஜெனிவாவில் பிரேவோவும் பத்தெல்லியும் நாய்களின் இருதயத்தில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி நடுக்கத்தை உண்டாக்கினர்; பெரிய மின்னோட்டத்தைச் செலுத்தியபோது நடுக்கம் நின்றது. 1947-இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்னும் அறுவை வைத்தியர், திறந்த மார்பினுள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் இருதயத்தை அவ்வண்ணமே மீட்டார்.

ஆயினும் ஒரு தடை எஞ்சுகிறது. அதைச் சித்தாந்திகள் லேசாக ஒதுக்குவது எனக்கு உவப்பில்லை. திரோதாயியின் மறைப்பு அருளாவது, அது உயிரைப் பக்குவத்தை நோக்கி நடத்துவதனால். இரவில் உறங்கப் போய் விடியலில் எழாத இளைஞனுக்கு எந்தப் பக்குவத்தை அந்நடுக்கம் கொணர்ந்தது? மறுபிறவியை ஏற்பவர், அவன் கணக்கு இன்னும் முடியவில்லை என்று பதில் சொல்லலாம்; அப்பதில் தர்க்கத்துக்கு முரணானதன்று. மறுபிறவியை ஏற்காத ஒருவர், ஒரே சக்தி இரு தொழில் செய்கிறது என்னும் முற்பாதியை மட்டும் பெற்றுக்கொண்டு, இரண்டும் ஒரு நோக்கத்துக்கே என்னும் பிற்பாதியை விட்டுவிட வேண்டியிருக்கும். அந்த முற்பாதிக்கு உடற்கூற்று நூல் சான்று தருகிறது. பிற்பாதிக்கு அது தராது, தருமாறு அதைக் கேட்பதும் முறையன்று.