யாரிடம் கேட்பது மன்னிப்பு?

நியூசிலாந்தின் பாபகூராவில் எங்கள் ஆட்கள் வீடு கட்டத் தொடங்கினால் நாள் பார்த்து, ஐயரைக் கூப்பிட்டு, குழியில் நவதானியம் போட்டு, தேங்காய் உடைத்து நாட்கல் வைப்பார்கள். தோண்டப் போகிறோம், புழு பூச்சி சாகும், பொறுத்துக்கொள் தாயே என்று பூமியிடம் கேட்பதுதான் அந்தப் பூசையின் சாரம். நான் கட்டட அளவுக் கணக்குப் பார்ப்பவள். அந்த மண்ணில் எத்தனை கன மீற்றர் கொங்கிறீட் இறங்கப்போகிறது என்பது கற்பூரம் ஏற்றுமுன்பே எனக்குத் தெரியும். அதனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. நாம் செய்யும் பெரிய தீங்கு அந்தக் காணித்துண்டுக்கு வெளியே நடக்கிறதென்றால், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

நான் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்காரி. 1950இல் தொடங்கி 1990இல் போரோடு மூடப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருந்தது. சுண்ணக்கல் வெட்டிய கிடங்குகளை ஊரே பார்த்தது. காற்றில் போனதை யாரும் பார்க்கவில்லை. தூய சுண்ணக்கல் 1,000 கிலோவைச் சுட்டால் 440 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையில் எரிக்கும் நிலக்கரியின் புகை அதற்கு மேல். இங்கே வாங்கரேக்குப் பக்கத்தில் உள்ள கோல்டன் பே சீமெந்து ஆலையில் 2021 முதல் பழைய டயர்களையும் எரித்து நிலக்கரியைக் குறைக்கிறார்கள். நல்ல வேலை. ஆனாலும் கல்லுக்குள் இருந்து வருவதை எரிபொருளை மாற்றி நிறுத்த முடியாது. சீமெந்தையே குறைத்தால்தான் உண்டு.

மரம் தறிக்குமுன் அதில் குடியிருக்கும் உயிர்களை வேறிடம் போகும்படி வேண்டச் சொல்கிறது வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. இந்த நாட்டு மாவோரிகளிடமும் ராத்தாவின் கதை உண்டு. கேளாமல் மரத்தை வெட்டினான். காட்டின் உயிர்கள் அதை மறுபடி நிமிர்த்தி வைத்தன. அவன் வெட்கப்பட்டு நின்ற பிறகு அவைதான் அவனுக்குத் தோணி செய்து கொடுத்தன. இரண்டிலும் கேட்பது முதலில், எடுப்பது பிறகு. எதிரே கேட்க ஒருவர் இருந்தார், மறுக்கவும் அவரால் முடிந்தது. நம் சீமெந்து விட்ட வாயுவின் சூட்டைத் தாங்கப்போகும், இனிப் பிறக்கப்போகிற பிள்ளையோ நம் குழிக்கரையில் வந்து நின்று மறுக்க முடியாது. அந்தப் பிள்ளைக்காக நாமே மறுக்கவேண்டியிருக்கிறது. பக்தி என்று நான் நம்புவது இதைத்தான்.

என் மருமகன் இங்கே வீடு கட்டப்போகிறான்.

“ஐயர் வந்து பூசை செய்தாப் பிறகு என்ன குறை, மாமி?” என்றான்.

“பூசையில குறையில்லைத் தம்பி. வரைபடம் கீறேக்கையே கேட்டிருக்கவேணும்.”

ஓக்லாந்தின் பழைய வீடுகள் பல மரக் கால்களில் நிற்பவை. தேவைப்பட்டால் முழு வீட்டையே லொறியில் ஏற்றி வேறு காணிக்குக் கொண்டுபோகிறார்கள். அதைக் காட்டிப் பேசியதில், தரை முழுக்கக் கொங்கிறீட் தட்டுப் போடுவதை விட்டு, ரேடியாட்டா பைன் கால்களும் மரத்தளமும் போதுமென்று ஒத்துக்கொண்டான். இரண்டு கார் நிற்கும் கராஜ்தான் இன்னும் முடிவாகவில்லை. அது தீரும்வரை ஐயரிடம் நாள் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.